கிடைத்த நாளில் பகிர்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையையொட்டிய காடுகளில் செமாய் பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். ஈப்போ மரப்பாலின் நஞ்சு தோய்த்த அம்பை மூங்கில் குழலில் வைத்து ஊதி வேட்டையாடும் மரபு அவர்களுடையது.

குறி தவறாத மூச்சு இருக்கலாம், தடம் அறியும் கண் இருக்கலாம். ஆனால் காற்று திசை மாறினால் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து ஓடிவிடும். பழம் உதிரும் மரத்தடிக்குச் சருகுமான் எப்போது வரும் என்று யாரும் நாள் குறிக்க முடியாது.

இதை அறிந்த சமூகம் ஒரு வழி கண்டது. பெரிய விலங்கு கிடைத்தால் இறைச்சி குடியிருப்பில் உள்ள எல்லாருக்கும் சமமாகப் போகும். வாங்கியவர் நன்றி சொல்வதும் முறையல்ல. அது பங்கை எடைபோடுவதாகிவிடும். மானுடவியலாளர் ராபர்ட் டென்டன் 1968இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவுசெய்தார்.

வேட்டையில் வெறுங்கையோடு திரும்பியவர் வீட்டிலும் அன்று உலை கொதிக்கும். நாளை அவர் கொண்டுவருவது மற்றவர் பசியாற்றும்.

முயற்சி நம் கையில்; வேளை நம் கையில் இல்லை. கிடைத்த நாளில் பகிருங்கள். கிடைக்காத நாளுக்கு அதைவிட நல்ல சேமிப்பு இல்லை.