பூசை காண்பதும் பங்கு கொள்வதும்

திரியாய்க் குன்றின்மேல் பழைய பௌத்த தூபி ஒன்று நிற்கிறது. அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு, அத்தலத்தை நிறுவியோர் வணிகக் கூட்டத்தார் என்று கூறுகிறது. துறவிகளல்லர், பொருள் விற்றுப் பிழைத்த இல்லறத்தார். குன்றின் கீழே ஊராக வாழ்ந்து வந்தவர்களோ தமிழ்ச் சைவ உழவர். இங்கே நின்றுகொண்டு கிறிஸ்தவ வாழ்வைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட திருகோணமலைக் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இவ்வூரும் அடங்கியது. ஞானஸ்நானம் பெறாதார் பெருந்தொகையினராய் வாழும் நிலத்தில் ஒரு சிறு சபை. அதன் உறுப்பினன் யாருக்குக் கடமைப்பட்டவன்? தன்னோடு கோயிலில் அமர்வோருக்கு மட்டுந்தானா?

நம் கத்தோலிக்கர் முன்னாளில் "பூசை காணப் போகிறோம்" என்றே சொல்வர். சொல் பொய் பேசவில்லை. குருவானவர் பீடத்தை நோக்கி இலத்தீனில் ஓதுவார். சனங்கள் பின்னே முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டுவர். திருச்சடங்கில் மக்கள் முனைந்து பங்கு கொள்ளவேண்டும் என்று பத்தாம் பயஸ் 1903லேயே எழுதினார். ஆயினும் 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடே அதனை மக்களின் உரிமை என்றும் கடமை என்றும் நிலைநாட்டிற்று. அதன்பின் பூசை தமிழில் ஒலித்தது. பீடம் மக்கள் பக்கம் திரும்பியது. தமிழில் இன்னொரு பொருத்தமும் உண்டு: கோயிலைச் சார்ந்த மக்கட் குழுவுக்கும் 'பங்கு' என்றே பெயர், பாகத்துக்கும் அதுவே பெயர்.

ஆனால் பாட்டைச் சேர்ந்து பாடுவதோடு பங்கு தீர்ந்துவிடுமா? இக்கேள்வியை வெளியார் எவரும் எழுப்பவில்லை. இலங்கைக் குருவானவரான திஸ்ஸ பாலசூரியவே எழுப்பினார். நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றி 1977இல் அவர் எழுதிய நூலின் சாரம் எளியது: ஒரே அப்பத்தை வாரந்தோறும் பகிர்வோர், பூசை முடிந்ததும் முதலாளியும் கூலியுமாய்ப் பிரிந்து போவது எங்ஙனம்? மரியாளைப் பற்றிய அவரது பின்னைய நூலுக்காக 1997 சனவரியில் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. ஓராண்டு கழிந்ததும் அத்தண்டனையை நீக்கிக்கொண்டது.

நாம் இதைப் படித்து மெல்ல நகைத்துவிட்டுப் போகலாகாது. சந்தா கட்டிக் கூட்டத்தில் அமர்ந்து கைதட்டி வீடு திரும்பும் தோழர்கள் நம்மிடையே குறைவா? அவர்களும் பூசை கண்டவர்களே.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது, ஏற்கெனவே 1985இல் வீடுகள் எரியக் கண்ட திரியாய் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அதே ஆண்டு, அதே மாகாணத்தில், கிறிஸ்தவப் பங்கு என்னவென்பது ஒரு தெருவில் சோதனைக்குள்ளாயிற்று. லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கை வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹீபேர்ட், இம்மாகாணத்து மாணவருக்குக் கூடைப்பந்தும் கற்பித்து, இங்கேயே முதுமை எய்தியவர். யுத்தத்தில் சிக்குண்டோருக்கு உதவும் அலுவலாய் வாழைச்சேனை சென்ற அவர், ஆகஸ்ட் 15ஆம் நாள் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். அது தேவமாதா விண்ணேற்புத் திருநாள். கோயில்களில் அன்று பூசை நடந்திருக்கும். கீதங்கள் தமிழிலேயே பாடப்பட்டிருக்கும். அவற்றை நாம் இழிவாகப் பேசவில்லை. அச்சம் சூழ்ந்த நாளில் கூடிநிற்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும். ஆயினும் உயிரைப் பணயம் வைத்துத் தெருவில் சென்றவர் சிலரே.

அவர் தனியே செல்லவில்லை. உடன் சென்ற பெர்ட்ரம் பிரான்சிஸ் குருவானவரல்லர். அபிஷேகம் பெறாத தமிழர். சபை அவரைப் போக வேண்டும் என்று கட்டளையிட்டிருக்க முடியாது. குருவானவரின் பெயரைக் கிழக்கு மாகாணம் இன்றும் சொல்லுகிறது. பங்கைப் பற்றி மறையுரை கேட்போரிடம் மற்றவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். இருவரும் திரும்பி வரவில்லை.