பதிவில் இருக்கும் பக்தி யாருடையது?

ஒலிப்பதிவில் கேட்கும் பக்திப் பாடல் வழிபாடாகுமா என்ற கேள்வி, கருவியைப் பற்றியதுபோலத் தோன்றினாலும் பாட்டுக்கும் பாடியவருக்கும் உள்ள உறவைப் பற்றியது. அந்த வகையில் அது கிராமபோனுக்கு மிகவும் மூத்தது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள திருமுல்லைவாயிலிலேயே அதன் பழைய வடிவம் கிடைக்கிறது. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் பார்வை இழந்தார், அந்த நிலையில் இந்த ஊருக்கு வந்து பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். பதிகத்துக்குள்ளேயே சங்கிலியின் பெயரும் கண் போன செய்தியும் வருகின்றன. தவறுக்கும் தண்டனைக்கும் நடுவில் நின்று ஒரு தனிமனிதர் வைத்த முறையீடு அது.

ஆனால் அவருக்குப் பின் அவ்வூர்க் கோயிலில் மாசிலாமணீசுவரர் முன்னால் அதை ஓதியவர்கள் அந்தத் தவறைச் செய்தவர்களும் இல்லை, கண் இழந்தவர்களும் இல்லை. அவர்கள் ஓதியதை நடிப்பு என்று சைவ மரபு கருதுவதில்லை. பதிகத்தில் பேசுபவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. முதலில் அங்கே நின்றவர் சுந்தரர், பிறகு ஓதுபவர் யாரோ அவர். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தேவாரம் முழுவதும் மூன்று பேருடைய சொந்த வரலாறாகச் சுருங்கிப்போயிருக்கும்.

சிதம்பரத்தில் பூட்டிக்கிடந்து செல்லரித்த ஏடுகளை ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டுத் தொகுத்தார் என்ற கதையிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சொற்கள் ஏட்டில் கிடைத்தன, பண்கள் கிடைக்கவில்லை. அவற்றுக்காகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணை நாட வேண்டியிருந்தது. எழுத்து பாட்டைக் காப்பாற்றியது. பாட வைக்க ஒரு தொண்டை வேண்டியிருந்தது. 1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனி தன் முதல் இந்தியப் பதிவுகளைச் செய்தபோதுதான் அந்தத் தேவை நீங்கத் தொடங்கியது.

78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டுதான் அடங்கும். 1948-ல் அமெரிக்காவில் வந்த எல்.பி. தட்டு இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் தந்தது. மேற்கே ராக் குழுக்கள் 1960-களில் இந்த நீளத்தைப் பயன்படுத்திக்கொண்டன. சில்லறைப் பாட்டுகளின் தொகுப்பாக இருந்த ஆல்பம், முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் கேட்க வேண்டிய படைப்பாயிற்று. பீட்டில்ஸ் குழுவின் 1967 ஆல்பமான 'சார்ஜென்ட் பெப்பர்' அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம். தமிழ் வீடுகளில் அதே தட்டு வேறு வேலைக்குப் போனது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தை எச்.எம்.வி. 1963-ல் வெளியிட்டது. திருமலையில் பெருமாளைத் துயிலெழுப்ப இயற்றப்பட்ட நூல், தட்டில் ஏறியபின் வீட்டில் உள்ளவர்களை எழுப்பத் தொடங்கியது. பெருமாள் அதற்கு முன்பே எழுந்திருப்பார்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும் ஊர் திருவேற்காடு. அங்கே வேதபுரீசுவரருக்குச் சம்பந்தர் பதிகம் உண்டு, கருமாரியம்மனுக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் பாட்டு உண்டு. ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்களில் மைக் செட் கட்டியதும் எதிர்பார்க்கப்படும் குரல் அதுதான். அறுபதுகளின் திரைப்படங்களில் கிளப் நடனங்களுக்கும் ட்விஸ்ட், ராக் தாளங்களுக்கும் இசையமைப்பாளர்கள் தேடிப்போன குரலும் அதுவே. பாடியவர் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். வேப்பிலை ஏந்திச் சாமியாடுபவர் இதையெல்லாம் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கிறித்தவரான யேசுதாஸ் பாடிய ஹரிவராசனத்துக்கும் அதே நியாயம். மாணிக்கவாசகரின் பாடல்களுக்கு மேற்கத்திய வாத்தியக் குழுவோடு இளையராஜா இசையமைத்த 'திருவாசகம்' 2005-ல் வந்தது. அதைத் தயாரித்த தமிழ் மையத்தை நடத்தியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

எதிர்த்திசையில், ராக் இசை பக்தியை நாடியதும் நடந்திருக்கிறது. பீட்டில்ஸ் குழு பிரிந்த 1970-லேயே ஜார்ஜ் ஹாரிசன் வெளியிட்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில் அல்லேலூயாவும் ஹரே கிருஷ்ணாவும் ஒரே பாட்டின் பின்குரலில் கலந்து வருகின்றன. அந்தப் பாட்டின் மெட்டு பழைய பாட்டு ஒன்றிலிருந்து அவரையறியாமல் எடுக்கப்பட்டது என்று 1976-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று நீதிபதியால் சொல்ல முடிந்தது. பக்திக்குச் சொந்தக்காரர் யார் என்று யாரும் வழக்குப் போடவில்லை.

ஓதுவாருக்கும் இசைத்தட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஓதுவார் பேசுபவரின் இடத்தில் தாமே நிற்கிறார். பதிவில் அந்த இடம், ஸ்டுடியோவில் பாடியவர் மனத்தில் என்ன இருந்தாலும், கேட்பவர் வந்து நிற்கும்வரை காலியாகத்தான் இருக்கிறது. கேட்பவரைத் தாழ்ந்தவர் என்று சொல்லவும் முடியாது. பாகவதத்தில் பிரகலாதன் அடுக்கும் ஒன்பது வகைப் பக்தியில் கேட்டல் முதலில் வருகிறது, பாடுதல் அதற்கு அடுத்துத்தான். ஆகவே தட்டைச் சுழலவிட்டு அதன்முன் உட்கார்ந்து கேட்பவர் வழிபடுகிறார் என்பதை மறுக்க மரபில் ஆதாரம் இல்லை. அது குளிக்கும்போதும் தோசை வார்க்கும்போதும் காதில் விழும் பாட்டுக்குப் பொருந்துமா என்பதில்தான் சிக்கல். வேலையோடு வேலையாகத் திருநாமம் சொல்வதைப் பல அடியார்கள் ஏற்றிருக்கிறார்கள். ஆனால் அங்கே சொல்பவர் வேலை செய்பவரே, பெட்டி அல்ல.

ஒலிபெருக்கி இந்தச் சிக்கலைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கேட்க விரும்பாதவரையும் அது கேட்பவராக்குகிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் டிரம் செட், கிதார் வைத்து ஆராதனை நடத்திய ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கியாலோ மேளம் கொட்டியோ பிரார்த்திக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற வரம்பையும், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கித் தடையையும் சொல்லும் மத்திய அரசு விதிகளும் அதே ஆண்டில் வந்தன. தூங்க வேண்டியவர்களுக்கு நியாயமான தீர்ப்பு இது. அதிலுள்ள இறையியல் மட்டும் கொஞ்சம் பலவீனமானது. விவிலியத்தின் கடைசிச் சங்கீதம் மேளத்தையும் தாளத்தையும் வைத்தே கர்த்தரைத் துதிக்கச் சொல்கிறது. அம்மன் வழிபாட்டில் பம்பையும் உடுக்கையும் பக்கவாத்தியம் அல்ல. அம்மனை வரவழைப்பவையே அவைதான்.

கேசட் காலத்தில் பதிவு மலிவானது. பெரிய கம்பெனி எட்டிப்பார்க்காத கோயில்களுக்கும் தனி ஆல்பம் வந்தது. அவற்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. பிள்ளையார் பாட்டில் தொடங்கி, மூலவரைப் போற்றி, மங்களத்தில் முடியும். கைபேசியில் பாட்டு தன்னிஷ்டத்துக்கு மாறிவரும்போது மங்களம் முதலில் வந்துவிடுகிறது, நடுவில் விளம்பரமும் வருகிறது. ராக் ஆல்பத்தின் வரிசை கலைந்தால் போவது ரசனை. பக்தி ஆல்பத்தின் வரிசை பூசையின் வரிசை என்பதால், கூடவே போவது வழிபாட்டின் வடிவம். முழுத் தொகுப்பையும் உட்கார்ந்து கேட்பவர் குறைந்ததில், திருவேற்காட்டு பக்தருக்கும் பழைய ராக் ரசிகருக்கும் இழப்பு ஏறக்குறைய ஒன்றே.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, சிறிய கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டதும் தானே அடிக்கும் மின்சார மேளம். மோட்டார் சுழல, கோல்கள் முரசில் விழ, மணிகள் ஒலிக்கின்றன. இதை எள்ளுவது எளிது. ஆனால் இதுவரை சொன்ன அளவுகோலில் அது குற்றமற்றது. அதில் சொல்லும் இல்லை, பேசுபவரின் இடமும் இல்லை. தீபம் காட்டும் நேரம் வந்துவிட்டது என்று அறிவிப்பதோடு அதன் வேலை முடிந்தது, கும்பிடுவது எதிரே நிற்பவர்கள் பொறுப்பு. அதன்மேல் சொல்லக்கூடிய புகார், அந்த இடத்தில் நாகஸ்வரமும் தவிலும் வாசித்திருக்கக்கூடியவர்களின் பிழைப்பைப் பற்றியது.