எண்ணிச் செய்தலும் எய்தும்வரை செய்தலும்

ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும்போது, எத்தனை முறை என்று முன்னரே வரையறுத்துக்கொண்டு செய்வதா, பயன் கைகூடும் வரையில் செய்துகொண்டே இருப்பதா என்னும் வினா, இன்று அட்டனிலும் நுவரெலியாவிலும் கணினி பயிலும் நம் பிள்ளைகளின் முன் செய்நிரல் வடிவில் நிற்கிறது. ஜபமாலையைக் கையிலெடுத்த முன்னோரின் முன் அதுவே சாதனையின் வடிவில் நின்றது.

1970இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல் மொழி இதற்கு மூன்று வழிகளை வகுத்தது: எண்ணிக்கையை விதித்துச் செய்வது, நிபந்தனையைச் சோதித்த பின்பு செய்வது, செய்துவிட்டுச் சோதிப்பது. சோதனையை முன்னே வைத்தால் காரியம் ஒருமுறையேனும் நடவாமற் போகலாம். தகுதி வரட்டும் என்று காத்திருந்து ஜபத்தைத் தொடங்காமலே காலங்கழித்தவர்கள் எத்தனை பேர்!

நூற்றெட்டு மணிகளை உருட்டுவது இயந்திரத்தனம், பக்குவம் பார்த்து நிறுத்துவதே ஞானம் என்பாரோடு நான் உடன்படேன். எண்ணிக்கைக்குள் அடங்கிய சுழற்சிக்கு முடிவு உண்டு. ஆனால், ஒரு செய்நிரல் முடியுமா முடியாதா என்பதை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தீர்மானிக்கவல்ல முறை இருக்கவே முடியாதென்று ஆலன் டூரிங் 1936இல் நிறுவினார். மனம் அடங்கிற்றா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் அந்த அடங்காத மனமே அல்லவா? நிறுத்தும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தவன், சோம்பலைச் சாந்தியென்று மயங்கிப் பாதியில் எழுந்துவிடவும் கூடும். ஒருபோதும் திருப்தியுறாமல் தன்னையே வருத்திக்கொள்ளவும் கூடும்.

ஆயினும் எண்ணிக்கை மட்டுமே போதாது. தேயிலைக் கொழுந்து மலைக்கு ஏறக்குறைய ஏழு நாளுக்கொருமுறை எடுப்புச் சுற்று திரும்பி வருவது நாட்கணக்கால். ஆனால் நிரை பிடித்து நிற்கும் பெண்ணின் விரல்களோ, கொய்யும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்புக்கு மேலெழுந்த தளிரைத் தொட்டு, இரண்டிலையும் அரும்பும் என்ற பதம் வந்ததைக் கிள்ளி, வராததை அடுத்த சுற்றுக்கு விட்டுச் செல்கின்றன. வெளியே கணக்கு, உள்ளே சோதனை. (ஒருநாள் கூலிக்குப் பேர் விழ இத்தனை கிலோ என்று பிறர் விதிக்கும் கணக்கை நான் இங்கே போற்றவில்லை, தானே ஏற்ற விரதம் வேறு, வயிற்றின்மேல் ஏற்றிய நிறை வேறு.)

ஜபத்துக்கும் இதுவே பொருந்தும். மந்திரங்களை நிரம்ப ஜபித்தும் தவத்தின் ஸ்வரூபம் விளங்கவில்லையே என்று, 1907இல் திருவண்ணாமலை விரூபாக்ஷ குகையில் காவ்யகண்ட கணபதி சாஸ்திரிகள் சரண் புகுந்தபோது, அம்மந்திர ஒலி எங்கிருந்து எழுகிறதென்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்றார் ரமண மகரிஷி. ஜபத்தைக் கைவிடும்படி அவர் சொல்லவில்லை. சொல்லப்படும் ஒவ்வொரு முறைக்குள்ளும் பார்வையைத் திருப்பினார்.