வாயில் கிடக்கும் வசனம்

எங்கள் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் வாயில் எப்போதும் ஏதோ ஒரு வசனம் ஓடிக்கொண்டிருக்கும். சங்கீதம் 23, சங்கீதம் 121, மலைப்பிரசங்கத்தில் பாதி, யோபுவின் புலம்பல் கொஞ்சம். எல்லாம் ஆலயத்தில் காதால் கேட்டுப் பிடித்தவை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்பக்கம் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவார். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை இழையில், உதடு மட்டும் தனியாக அசைந்துகொண்டிருக்கும். சின்ன வயதில் அதை ராட்டைச் சத்தத்தில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்.

என்னிடம் ஆப் இருந்தது. ஒரே வருடத்தில் முழு பைபிளையும் முடிக்கும் திட்டம். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். தினமும் மூன்றே கால் அதிகாரம் போனால் டிசம்பர் 31-இல் வெளிப்படுத்தின விசேஷத்தை முடித்துவிடலாம். ஜனவரியில் ஆரம்பிப்பவர்கள் லேவியராகமத்தில் விழுந்துவிடுவார்கள் என்பது எங்கள் வாலிபர் கூட்டத்துப் பழைய ஜோக். நான் விழவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை, காபி ஆறுவதற்குள் லேவியராகமம் 17, 18, 19 மூன்றையும் முடித்துப் பச்சை டிக் வாங்கினேன்.

அன்று பதினொரு மணிக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி சேலை கொண்டுவந்தார். அப்பாவின் தொழில் சின்னது. நான்கு தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைப்பார், சேலையைக் கடைக்குப் போடுவார், கடை தரும் பணத்தில் கூலி கொடுப்பார். பி.காம். முடித்ததிலிருந்து கணக்கு நோட்டு என் கையில். வந்தது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓடும் வேலை. தறியில் ஒருவர் இருந்தால் போதாது, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அவருக்கு அந்த இன்னொருவர் அவர் மனைவி. ஒரு சேலையில் இரண்டு பேருடைய உழைப்பு. விரித்துப் பார்த்தேன், குறையே இல்லை. "கடைலேர்ந்து பணம் வரலைண்ணா, அடுத்த வாரம் வாங்க" என்றேன். "சரி தம்பி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நோட்டில் குறித்துக்கொண்டேன். எதுவும் உறுத்தவில்லை.

சாயங்காலம் ஆயா வழக்கம்போலக் கேட்டார்: "இன்னிக்கு இன்னாடா வசனம்?"

மூன்று அதிகாரம் படித்தவனுக்கு ஒரு வரிகூட நினைவில் இல்லை. போனைத் திறந்து கண்ணில் பட்டதைச் சத்தமாக வாசித்தேன். 19-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம். வேலை செய்தவரின் கூலியை ராத்திரி முழுக்க உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்று சொல்கிற வசனம்.

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. ஆயா மட்டும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ராட்டையைத் திரும்பச் சுற்றினார். காலையில் என் கண் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தது. இப்போது என் வாயிலிருந்து கிளம்பி என் காதுக்கே வந்தபோது தாண்ட முடியவில்லை. காலையில் படித்தேனே, அது என்ன? அதற்குத் தியானம் என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

தியானம் என்றதும் நம் மனதில் வரும் படம் ஒன்றுதான்: மூடிய கண், நேரான முதுகு, அசையாத உதடு. தமிழ் பைபிளின் முதல் சங்கீதத்திலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. இரவும் பகலும் வேதத்தைத் தியானிப்பவன் நீரோரத்து மரம்போல இருப்பான் என்பது அதன் சாரம். ஆனால் அங்கே மூலத்தில் இருக்கும் எபிரேயச் சொல் 'ஹாகா'. அது சத்தம் போடுகிற சொல். ஏசாயா 31-இல் இரைமேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், 38-இல் முனகும் புறாவுக்கும் இதே சொல்தான் வருகிறது. அந்த 38-ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜா சாகக்கிடக்கிறார். நெய்து முடித்த துணியைத் தறியிலிருந்து அறுப்பதுபோல என் ஆயுசு அறுபடுகிறதே என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, புறாவைப்போல முனகுகிறேன் என்கிறார். தறியும் முனகலும் ஒரே ஜெபத்தில். எங்கள் ஆயாவுக்கு எபிரேயம் தெரியாது, ஆனால் அந்தச் சொல்லின் பொருளை அவர் உதடு சரியாகச் செய்துகொண்டிருந்தது.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாளுக்கு முன்னால் பிரபந்த கோஷ்டியும் பின்னால் வேத கோஷ்டியும் ஓதிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். புனித நூல் என்பது முதலில் வாயில் இருப்பது என்று காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் பெரும்பாலான தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆயாவைப்போலக் கேட்டுத்தான் வேதத்தை அறிந்தார்கள். எல்லோர் கையிலும் புத்தகம் வந்தது பெரிய வரம். கூடவே, வாயில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் போய்விட்டது.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இரண்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில், ஜனங்கள் வீணான திட்டம் போடுகிறார்கள் என்று சொல்லும் இடத்திலும் இதே 'ஹாகா'தான். அப்படியென்றால் தியானம் பக்தர்களுக்கு மட்டும் உரியது அல்ல. நாம் எல்லோரும் ஏற்கெனவே ஏதோ ஒன்றை நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எவனோ போட்ட கமென்ட், சொந்தக்காரர் சொன்ன ஒரு வார்த்தை, இந்த மாச இஎம்ஐ. நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது "கடை பணம் வரல, கடை பணம் வரல" என்பதை. அதை யாரும் எனக்கு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் அது வாயில் தயாராக இருந்ததால்தான் அந்த அண்ணனிடம் அவ்வளவு சுலபமாக வந்தது. ஒரு மனிதனை நடத்துவது அவன் படித்தது அல்ல, அவன் வாயில் கிடப்பது.

கை ஒரு வேலையில் இருக்க, வாய் ஒரு வசனத்தில் இருந்தால் அது அரைகுறை பக்தி ஆகாதா? நானும் அப்படி நினைத்தவன்தான். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத் துறவிகள் ஓலையில் கூடையும் பாயும் முடைந்துகொண்டே சங்கீதங்களைச் சொன்னார்கள். கைவேலை அவர்களுக்கு இடைஞ்சல் இல்லை, மனம் ஓடிவிடாமல் கட்டிப்போடும் கயிறு. 12-ஆம் நூற்றாண்டின் துறவி இரண்டாம் கிகோ வேதவாசிப்பை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், மௌனமாக நிலைத்திருத்தல். வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது மெல்லுவது என்பது அவர் உவமை. தமிழில் நமக்கு அதற்கு நல்ல சொல் உண்டு, அசைபோடுதல். மாடு அசைபோட ஒரு காலத்தையும் இடத்தையும் கேட்பதில்லை. பிற்காலத்தில் சிலர் ஐந்தாவது படியாகச் செயலையும் சேர்த்தார்கள். என் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

அன்று இரவு அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். "கடக்காரன் நமக்குக் குடுத்தாதானே நாம குடுக்க முடியும்? அந்த வசனத்த அவனுக்குப் போய்ப் படிச்சிக் காட்டு" என்றார். அதில் நியாயம் இருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் அவரும் தனக்கு மேலே ஒருவரைக் காட்டுவார்.

வசனத்தை விடாமல் வைத்திருந்தேன். ஒற்றை வசனத்தைத் தனியாகப் பிடுங்கினால் யார் வேண்டுமானாலும் வளைக்கலாம். இயேசுவைச் சோதிக்கப் பிசாசு வந்ததும் சங்கீதம் 91-ஐச் சொல்லிக்கொண்டுதானே. அதனால் அக்கம்பக்கமும் வாசித்தேன். உபாகமம் 24 இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது: சூரியன் மறைவதற்குள் கொடு, ஏனென்றால் அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான். யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பிடித்துவைத்த கூலி தானே வாய் திறந்து கூக்குரலிடுகிறது. எங்கேயும் கடைக்காரர் பேச்சு இல்லை. 'உன்னிடம்' என்ற ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப இடித்தது. ராத்திரி அந்தப் பணம் யாரிடம் தூங்குகிறது? எங்களிடம் பணமே இல்லையா? இருந்தது. அடுத்த பாவுக்கு சூரத் ஜரிகை வாங்க ஒதுக்கிய தொகை வங்கியில் இருந்தது. 'இல்லை' என்று நான் சொன்னது, 'அதைத் தொட மனமில்லை' என்பதன் சுருக்கம்.

மறுநாள் அப்பாவிடம் சண்டை போட்டுப் பாதிக் கூலியை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். அவர் தறிக்குழியில் இருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. பணத்தை எண்ணிவிட்டு "மீதி தம்பி?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். மீதியைக் கொடுக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது ராத்திரியும் வசனம் வாயில் கிடந்தது. நான் தோற்ற கதை என்றுகூட இதைச் சொல்லலாம். ஆனால் தோற்கிறேன் என்று தெரிந்ததே அந்த வருடம்தான்.

இப்போது என் முறை எளிமையானது. திட்டம்போட்டு வாசிப்பதை நிறுத்தவில்லை, முழுக்கதையும் தெரிய அது வேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு வசனத்தை மட்டும் வாயில் எடுத்துக்கொள்கிறேன். முதலில் சத்தமாகச் சொல்வேன். பிறகு கையால் ஒருமுறை எழுதுவேன். ஒரு வேலையோடு அதைக் கட்டிப்போடுவேன்: வண்டி ஓட்டுவது, பாத்திரம் கழுவுவது, கணக்கு எழுதுவது. அந்த வேலை வரும்போது வசனமும் வரும். இது யாரைப் பற்றிப் பேசுகிறது, இதில் நான் எங்கே நிற்கிறேன் என்ற இரண்டு கேள்வியைக் கேட்பேன். நான் எப்போதும் நல்லவன் பக்கத்திலேயே நின்றால் சரியாக வாசிக்கவில்லை என்று அர்த்தம். சாயங்காலம் ஒருவரிடமாவது அதைச் சொல்வேன். ஏதாவது செய்யச் சொல்லியிருந்தால், சின்னதாக ஒன்றையாவது பொழுது சாய்வதற்குள் செய்யப் பார்ப்பேன். ஆறுதல் தரும் வசனங்களும் வரும், வரட்டும். ஆனால் மாதக்கணக்கில் ஆறுதல் மட்டுமே வந்துகொண்டிருந்தால் நான்தான் பொறுக்கி எடுக்கிறேன்.

வாரம் முடிந்ததும் பழையது முழுக்கப் போய்விடுவதில்லை. தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் பழைய இழைகளின் நுனியை அச்சிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார்கள். அப்படிப் புது வசனம் பழையதன் நுனியில்தான் வந்து சேர்கிறது.

கூலி வசனத்துக்கு மட்டும் வாரக்கணக்கு ஒத்துவரவில்லை. கடை பணம் இன்றும் தாமதமாகத்தான் வருகிறது. நோட்டில் சேலை வந்த தேதிக்குப் பக்கத்தில் கூலி கொடுத்த தேதிக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை.

"இன்னிக்கு இன்னாடா வசனம்?"

"அதேதான் ஆயா."

"இன்னுமா முடியல?"

"முடியல."

ஆயா சிரித்துவிட்டு ராட்டையைச் சுற்றினார். உதடு அசைய ஆரம்பித்தது.