இரும்பும் அமானிதமும்

கல்முனைக்குக் கோச்சி வருவதில்லை. மட்டக்களப்போடு பாதை முடிந்துவிடும். ஆயினும் 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் கடல் புரட்டிய புகையிரதம் எங்களுக்கு அந்நியமல்ல. அன்று காலை மருதமுனையையும் சாய்ந்தமருதையும் அழித்தது அதே கடல்தான்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அவ்வண்டியை இழுத்தது, 1950களில் கனடா தந்த 591ஆம் இலக்க ‘மனிட்டோபா’ இயந்திரம். பழைய இரும்பாக விற்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். திருத்தினார்கள், 2008இல் மீண்டும் ஓடிற்று. சில பெட்டிகளும் மீண்டன.

மரணம் நிகழ்ந்த பெட்டியில் மறுபடி ஆளேற்றலாமா? ஏற்றலாம் என்பேன். ஆனால், நினைவு மட்டும் அதற்கு நியாயமாகாது. அச்சும் சக்கரமும் பிறேக்கும் பரிசோதனையில் தேறவேண்டும். சட்டகம் துருவேறி உளுத்திருந்தால் உடைத்துவிடுவதே தர்மம், அது மறதியல்ல. இறந்தவருக்கு நாம் கடன்பட்டது நினைவு. ஏறப்போகிறவரின் உயிரோ நம் கையிலுள்ள அமானிதம்.