நம்மைப் பற்றிய விவரம் யாருக்குச் சொந்தம்?



உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கடிதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பம்பாயில் வேலையாயிருந்த சிற்றப்பா உங்கள் தகப்பனாருக்கு எழுதியது. அதில் அத்தையின் நோயைப் பற்றி நாலு வரி, பக்கத்து வீட்டுக்காரர் பட்ட கடனைப் பற்றி நாலு வரி. இந்தக் கடிதம் யாருக்குச் சொந்தம்? காகிதம் பெற்றவருக்கு, அதை அச்சிட்டு வெளியிடும் உரிமையோ எழுதினவருக்கு. சட்டம் இப்படித்தான் பிரிக்கிறது. அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தக் காகிதத்தில் யாதொரு பங்கும் இல்லை. ஆனால் அது தெருவில் வாசிக்கப்பட்டால் தலைகுனிகிறவர்கள் அவர்களே அன்றோ?

இப்போது கடிதம் எழுதுவோர் குறைவு. நம் பேச்சு, நம் குழந்தைகளின் படங்கள், மருத்துவர் கொடுத்த அறிக்கை, வங்கிக் கணக்கு, எந்த நாளில் எந்த ஊரில் இருந்தோம் என்பது உட்பட எல்லாம் செல்போன் வழியாக எங்கோ போய்ச் சேருகின்றன. போய்ச் சேரும் இடம் நம் அலமாரி அல்ல. பெரிய கம்பெனிகளின் கணினிக் கூடங்கள். அங்கே அவை அவர்கள் வகுத்த நிபந்தனைப்படி இருக்கும். அவர்கள் கடையைக் கட்டினால் அவையும் போகும். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, பொதுமக்கள் அதில் சேர்த்து வைத்த எழுத்தும் படங்களும் அழிக்கப்பட்டன. எடுத்துக்கொள்ளத் தவணை கொடுத்தார்கள் என்பது உண்மை. வாடகை வீட்டைக் காலி செய்யவும் தவணை கொடுப்பதுண்டு.

இந்த நிலை சரியல்ல என்று சொல்லுகிறவர்களில் ஒருவர், இந்த வலையையே உண்டாக்கியவர். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993-ல் அந்த நிலையம் அதைக் கட்டணமின்றி உலகத்தார் அனைவருக்கும் விட்டுக்கொடுத்தது. எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்ட ஒன்று சில கம்பெனிகளின் வேலிக்குள் போய்விட்டதே என்ற கவலையால், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ‘சாலிட்’ என்னும் ஓர் ஏற்பாட்டை அவர் தொடங்கினார். 2018-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவர இன்ரப்ட் என்ற கம்பெனியையும் அமைத்தார்.

ஏற்பாடு யாதெனில், ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டகம். அவருடைய விவரங்களெல்லாம் அதில் இருக்கும். அதைத் தம் வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது நம்பிக்கையான ஓரிடத்தில் வாடகைக்கு வைக்கலாம். பிடிக்காவிட்டால் வேறிடத்துக்கு மாற்றலாம். கடைக்காரரோ மருத்துவமனையோ வங்கியோ விவரம் வேண்டுமானால், பெட்டகத்தின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். எதைக் காட்டுவது, எதுவரை காட்டுவது என்பது உடையவர் விருப்பம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் செய்யலாம். பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் பிரதேசத்து அரசு இதைத் தன் குடிகளுக்குக் கொண்டுவர முயன்று வருகிறது. வேலை தேடுகிறவர் தம் படிப்புச் சான்றிதழை இவ்விதம் பெட்டகத்திலிருந்தே காட்ட அங்கு வழி செய்திருக்கிறார்கள்.

இது ஏதோ விந்தை என்று எண்ண வேண்டாம். நம் பங்குகளில் நடப்பதைப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, ஞானஸ்நானம் நடந்த பங்கிலேயே இருக்கிறது. நீங்கள் கோவில்பட்டியில் ஞானஸ்நானம் பெற்று, கோயம்புத்தூரில் திருமணம் செய்தால், பதிவேடு கோயம்புத்தூருக்குப் போவதில்லை. நீங்கள் கேட்டு வாங்கும் சான்றிதழ் மட்டுமே போகிறது. திருமணம் முடிந்ததும் செய்தி கோவில்பட்டிக்கு வர, அங்கே உங்கள் பெயருக்கு நேரே ஓரத்தில் குறிக்கப்படுகிறது. எல்லாப் பங்குகளின் ஏடுகளையும் ஒரே கிடங்கில் கொட்டாமலே இத்தனை காலம் காரியம் நடந்திருக்கிறது. ஆகவே, விவரத்தை ஓரிடத்தில் குவித்தால்தான் வேலை நடக்கும் என்று கம்பெனிகள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இந்த முயற்சியை ஆதரிப்போர் பலர் ஒரு வாசகத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்: “உன் விவரம் உன் சொத்து.” கேட்க இனிமையாயிருக்கிறது. சற்று நின்று யோசித்தால் எனக்கு இதில் இரண்டு தடைகள் தோன்றுகின்றன.

சொத்து என்றால் விற்கலாம். விற்கலாம் என்றால் முதலில் விற்கிறவர் யார்? பசித்தவர். 2023-ல் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் இது கண்கூடாயிற்று. வேர்ல்ட்காயின் என்ற திட்டத்தார், ஓர் உருண்டைக் கருவியின் முன் நின்று கண்ணின் கருவிழியைப் படமெடுக்கச் சம்மதிப்போருக்கு மின்நாணயம் கொடுத்தார்கள். அதன் மதிப்பு அந்நாட்டுப் பணத்தில் ஏறத்தாழ 7,000 ஷில்லிங். நைரோபி நகரில் ஜனங்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றார்கள். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அரசு அதை நிறுத்திவைத்தது. சேகரித்ததை அழிக்கும்படி 2025 மே மாதம் அந்நாட்டு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வரிசையில் நின்ற ஏழையை நான் குறைசொல்ல மாட்டேன். வீட்டில் அரிசியில்லாதவனிடம் “நீ சம்மதித்துத்தானே கொடுத்தாய்?” என்று கேட்பது நேர்மையான கேள்வியா என்றுதான் கேட்கிறேன். விற்ற வயலை மீட்கலாம். வேறொரு கண் வாங்க முடியுமா? சிறுநீரகம் என்னுடையதே; ஆயினும் அதை விற்க நம் நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. என்னுடையது என்பதெல்லாம் சந்தைக்கு உரியதன்று.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. என் விவரம் என்று நான் சொல்லுவது பெரும்பாலும் என்னுடையது மட்டுமே அல்ல. 2018-ல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். பேஸ்புக்கில் ஒரு கேள்வி-பதில் விளையாட்டு; அதற்கு இசைந்தவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். ஆனால் விவரம் வெளியேறியது 8 கோடியே 70 லட்சம் பேருக்கு வரை இருக்கலாம் என்று பேஸ்புக் கம்பெனியே கூறிற்று. எப்படி? இசைந்தவர்களின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் மற்றவர்களுடையதும் அள்ளப்பட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டு அந்தக் கம்பெனி அமெரிக்க அரசுக்கு 500 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அபராதம் இருக்கட்டும், கணக்கைக் கவனியுங்கள். ஒருவர் தலையசைத்தால் முந்நூறு பேர் வீட்டுக் கதவு திறக்கிறது.

பெட்டகம் வந்தால் இது தீருமா? முழுதும் தீராது. என் பெட்டகத்தில் என் நண்பர்களின் பட்டியலும், தம்பி மகளின் படமும், மாமியாருக்குச் சர்க்கரை வியாதி என்ற செய்தியும் இருக்கும். பூட்டு என் கையில் இருப்பதால் அவர்களுக்கு என்ன காவல்? நான் யோக்கியனாயிருந்தால் காவல், இல்லாவிட்டால் இல்லை. இரத்த உறவைக் கண்டறிய எச்சிலைச் சோதித்துச் சொல்லும் 23அண்ட்மீ என்ற அமெரிக்கக் கம்பெனியில் 2023-ல் திருடர்கள் புகுந்தது ஏறத்தாழ 14,000 பேருடைய கணக்குகளில்தான். உறவினரைத் தேடித் தரும் வசதியின் வழியே அவர்கள் கைக்கு எட்டியதோ ஏறத்தாழ 69 லட்சம் பேருடைய விவரம். அண்ணன் தன் எச்சிலைக் கொடுத்தால் தங்கையின் பாதி இரகசியமும் கூடவே போகிறது. தங்கையிடம் கேட்டானா?

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டம் தெரிந்தெடுத்த ஒரு சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அதைத் தொடர்ந்து 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரத்தை வைத்திருக்கும் கம்பெனியை உடையவன் என்றும் சொல்லவில்லை, வாங்கியவன் என்றும் சொல்லவில்லை. பிறர் பொருளை நம்பி ஒப்படைக்கப்பட்ட தர்மகர்த்தாவைக் குறிக்கும் சொல்லையே அதற்கு வைத்திருக்கிறது. நம் காலத்துக்குப் பின் நம் சார்பில் அந்த உரிமைகளைச் செலுத்த ஒருவரைக் குறித்து வைக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. அந்தச் சட்டத்தில் அரசாங்கத்துக்கு விட்டிருக்கும் விலக்குகள் அளவுக்கு மீறியவை என்பது என் அபிப்பிராயம். அதைப் பிறிதொரு சமயம் பேசலாம். ஆனால் தர்மகர்த்தா என்ற எண்ணம் சரியானது. கம்பெனிக்கு மட்டுமல்ல, பெட்டகச் சாவியை வைத்திருக்கும் எனக்கும் உங்களுக்கும் அது பொருந்தும். சாவி நம் கையில் வரட்டும்; பெர்னர்ஸ்-லீ கேட்பது நியாயம். வந்த பிறகு, ஒரு கடைக்காரர் ஐம்பது ரூபாய் தள்ளுபடி தருகிறார் என்று செல்போனிலுள்ள எல்லாப் பெயர்களையும் எண்களையும் அவருக்குத் திறந்துவிடும்போது, அந்த ஐம்பது ரூபாய் யார் பொருளுக்குக் கிடைத்த விலை என்று கேட்டுக்கொள்ள வேண்டியவரும் நாமே.

இனி, மேலே சொன்ன ஞானஸ்நானப் பதிவேட்டைப் பற்றியே ஐரோப்பாவில் எழுந்த வழக்கு ஒன்று. அதே பிளாண்டர்ஸ் பிரதேசத்திலுள்ள கெண்ட் மேற்றிராசனத்தில், திருச்சபையை விட்டு விலகிய ஒருவர் பதிவேட்டிலிருந்து தம் பெயரை அழிக்கும்படி கேட்டார். ஓரத்தில் குறிப்பெழுதுவதோடு மேற்றிராசனம் நின்றுகொண்டது. அவர் கேட்டபடி செய்ய வேண்டும் என்று 2023 டிசம்பரில் பெல்ஜிய நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தீர்மானித்தது. மேற்றிராசனம் மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டில் அயர்லாந்து நாட்டின் ஆணையமோ, டப்ளின் அதிமேற்றிராசனத்தைப் பற்றிய விசாரணையில், பதிவேட்டை வைத்திருக்கச் சட்டப்படி முகாந்தரம் உண்டு, அழிக்க வேண்டியதில்லை என்று முடிவு சொன்னது. இரண்டு நாடுகளுக்கும் சட்டம் ஒன்றுதான். விலகினவருடைய மனச்சாட்சியை நான் எளிதாய்த் தள்ளிவிட மாட்டேன். தம் பெயர் எங்கே இருக்கலாம் என்று சொல்ல மனிதனுக்கு நியாயமுண்டு. எனினும் அந்த ஒற்றை வரியில் எழுதியிருப்பது அவர் பெயர் மட்டுமல்ல. அவருடைய தாய் தந்தையரின் பெயர் இருக்கிறது; ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர் இருக்கிறது; தண்ணீர் ஊற்றிய குருவானவரின் கையொப்பம் இருக்கிறது. அவர்களில் யாரும் அழிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.