ஆயுதம் செய்யும் அரசு: வினை யாரைச் சேரும்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அரசின் ஆயுதத் தொழிற்சாலை எதுவும் இல்லை. ஆனால் இவ்விரு பகுதிகளும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்களாக இருந்த காலத்தில், 1966ஆம் ஆண்டு, அதே மாவட்டத்தின் நவல்பட்டுப் பகுதியில் மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையாகத் தனித்தது. பிரிந்துபோன இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் அடுத்த வீட்டில் இருக்கும் அந்த ஆலை ஒரு பழைய அறக்கேள்வியை எழுப்புகிறது. ஓர் ஆயுதம் உயிரைப் பறிக்கும்போது அந்த வினை சுட்டவரைச் சேருமா, சுடச் சொன்னவரைச் சேருமா, செய்தவரைச் சேருமா? ஆலை அரசுடையது என்றால், அரசைத் தேர்ந்தெடுக்கும் மக்களுக்கும் அதில் பங்கு உண்டா?

ஆயுத உற்பத்தி அரசின் கைக்கு வந்த வரலாறு ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து தொடங்குகிறது. 1751இல் பெரம்பலூர்ப் பகுதியின் வாலிகண்டபுரம் அருகே ஆற்காட்டு நவாப் பதவிக்காக நடந்த போரில் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயர்களும் நின்றார்கள். ரஞ்சன்குடிக் கோட்டை அந்தப் போரின் சாட்சியாக இன்றும் நிற்கிறது. இப்படிப் படை நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனி 1775இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் ஆயுத வாரியத்தை அமைத்தது. 1787இல் இச்சாப்பூரில் வெடிமருந்து ஆலையும், 1801இல் காசிப்பூரில் பீரங்கி வண்டிப் பட்டறையும் நிறுவப்பட்டன. தமிழ்நாட்டில் நீலகிரியின் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903இல் வந்தது. விடுதலைக்குப் பின் இந்த ஆலைகள் இந்திய அரசின் உடைமையாயின. 1962 சீனப் போரின் தோல்வி படைத்தளவாட உற்பத்தியைப் பெருக்க வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கியது அந்தப் பத்தாண்டில்தான்.

திருச்சி ஆலை சிறுரக ஆயுதங்களுக்கானது. 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியை இச்சாப்பூர், கான்பூர் ஆலைகளோடு சேர்ந்து இதுவும் உற்பத்தி செய்தது. 12.7 மி.மீ. கனரக இயந்திரத் துப்பாக்கி, துப்பாக்கிக் குழலின் அடியில் பொருத்தும் 40 மி.மீ. கையெறி குண்டு ஏவி, தூரத்திலிருந்து இயக்கப்படும் துப்பாக்கி அமைப்பு ஆகியவையும் இங்கே உருவாகின்றன. 2005 வாக்கில் உருவாக்கப்பட்ட ‘விதுவன்சக்’, வாகனங்களையும் பதுங்குமிடங்களையும் துளைக்கும் கனத்த துப்பாக்கி. அதன் தாக்கும் எல்லை சுமார் 1,800 மீட்டர். 7.62 மி.மீ. ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ ஊரின் பெயரையே தாங்குகிறது. அருகிலுள்ள ஹெச்ஏபிபி தொழிற்சாலை, எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் கலப்பு உலோகத் தண்டுகளைச் செய்கிறது.

2021 அக்டோபர் 1 அன்று, இந்த ஆலைகளை நடத்திவந்த ஆயுதத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திடமும், ஹெச்ஏபிபி புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் நிறுவனத்திடமும் சேர்ந்தன. ஏழு நிறுவனங்களையும் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த நாள் அக்டோபர் 15, விஜயதசமி.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தத்துவ நிலைப்பாடு இருக்கிறது. விஜயதசமிக்கு முந்தைய நாளான ஆயுத பூஜையன்று அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்கும், பெரம்பலூரில் மக்காச்சோளக் காட்டை உழும் டிராக்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கப்படுகின்றன. துப்பாக்கியும் அதே வரிசையில் வைத்து வணங்கப்படும்போது, கருவி தன்னளவில் குற்றமற்றது, ஏந்தும் கையே அதன் நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து வெளிப்படுகிறது. பெரம்பலூர் அருகே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கையிலுள்ள சூலமும் காக்கும் ஆயுதமாகவே வணங்கப்படுகிறது. ஆனால் டிராக்டர் யாருக்கும் தீங்கில்லாமல் தன் வேலையை முடிக்கும். துப்பாக்கியின் வேலையோ தீங்கு செய்வது, அல்லது செய்வேன் என்று அச்சுறுத்துவது. ஆகவே கருவி குற்றமற்றது என்ற வாதம் ஆயுதம் செய்பவருக்கு முழு விடுதலை தருவதில்லை.

அரசநீதி மரபு வேறு வழியில் விடை சொல்கிறது. குடிகளைக் காப்பது ஆள்பவரின் கடமை. படையில்லாமல் காவல் இல்லை. திருக்குறள் படைமாட்சியைப் பொருட்பாலில் வைத்துப் போற்றுகிறது. கொல்லாமையை அறத்துப்பாலின் துறவறவியலில் வைக்கிறது. ஆள்பவரின் அறமும் துறந்தவரின் அறமும் ஒன்றல்ல என்று இதிலிருந்து பொருள் கொள்வோர் உண்டு. ஆனால் புலால் மறுத்தல் அதிகாரம், உண்பதற்காக வாங்குவோர் இல்லாவிட்டால் விற்போரும் இல்லை என்ற வாதத்தை முன்வைத்து, கொலையின் பொறுப்பைக் கொன்றவரோடு நிறுத்தாமல் அதற்குக் காரணமானவர் வரை நீட்டுகிறது.

சமணம் இதையே கோட்பாடாக வகுத்தது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைச் சேர்க்கும். தற்காப்புக்காக நேரும் வன்முறையை இல்லறத்தாருக்கு ஓரளவு அனுமதித்த சமண நூல்கள், கொலைக்கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதை வேண்டாத தீங்குகளில் ஒன்றாக எண்ணி விலக்கின. புத்தர் இல்லறச் சீடர்களுக்கு விலக்கிய ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகமும் ஒன்று. கங்கைப் படையெடுப்பின் வெற்றியைப் பெயரில் தாங்கிய கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அரியலூர் மாவட்டத்திலேயே, விக்கிரமங்கலத்தில் புத்தர் சிலையும் இருக்கிறது. போர் வெற்றியைப் போற்றிய மரபுக்கும் ஆயுதத்தை விலக்கிய மரபுக்கும் இந்த மண்ணில் இடம் இருந்தது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் ஆயுத விற்பனையைப் பொதுவாகத் தடுக்கவில்லை; ஆனால் உள்நாட்டுக் கலகக் காலத்தில் விற்பதைக் கண்டித்தார்கள். யாருக்கு, எப்போது கொடுக்கிறோம் என்பதே அவர்களுக்கு அளவுகோல். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அரசுகளின் தற்காப்பு உரிமையை ஏற்றுக்கொண்டு, ஆயுதப் போட்டி ஏழைகளைப் பொறுக்க முடியாத அளவு பாதிக்கிறது என்று கண்டித்தது.

இந்த அளவுகோல்களுக்கு நேபாளம் ஒரு சோதனை. மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர்க் காலத்தில் இந்தியா அந்நாட்டுப் படைக்கு மானிய விலையில் இன்சாஸ் துப்பாக்கிகளை வழங்கியது. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கைப்பற்றியதும் ஆயுத உதவி நிறுத்தப்பட்டது. கொடுத்த பிறகும் கொடுத்தவருக்குப் பொறுப்பு உண்டு என்பதை அந்த நிறுத்தமே ஒப்புக்கொண்டது. அதே சமயம், உலக ஆயுத வணிக ஒப்பந்தம் 2013இல் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது; இன்றுவரை அதில் சேரவில்லை.

கடைசலில் குழல் கடையும் தொழிலாளிக்கு, அது எந்த எல்லையில், யாரை நோக்கி நீளும் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. வேலைநிறுத்தம் செய்யும் உரிமையையும் 2021இல் வந்த அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் கட்டுப்படுத்தியது. உரிமை குறையும் இடத்தில் பொறுப்பும் குறையும் என்பது நியாயம். அவரிடமிருந்து குறையும் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. தீர்மானிக்கும் அரசுக்கும், அதன் வழியே வாக்காளருக்கும் ஏறுகிறது. தனியார் ஆலையின் கணக்கைக் கேட்பவர் பங்குதாரர். அரசு ஆலையின் கணக்கை நாடாளுமன்றத்தில் கேட்கலாம். அரசுடைமைக்கு அறத்தின் பக்கத்திலிருந்து சொல்லக்கூடிய வலுவான நியாயம் இதுதான். ஆகவே ஆலைகள் நிறுவனங்களாக மாறி, ஏற்றுமதியும் வருவாயும் இலக்குகளாகும்போது, எந்த நாட்டுக்கு எதை விற்கிறோம் என்பது வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். கேட்கும் உரிமையைப் பயன்படுத்தாத குடிமக்கள், செய்வதற்கு உடன்பட்டவர்கள் என்ற மூன்றாவது வகையில் வந்துவிடுகிறார்கள்.